பாதி நிறைந்தால் போதும்: நிறுத்தி வைக்கும் மின் வண்டியும் அதன் பேட்டரியும்

(துடியலூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சாயங்கால நேரத்து மேட்டுப்பாளையம் ரோட்டு நெரிசலைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி. வாசலில் ஒருவர் தலைப்பைப் படித்துவிட்டு, “ஓடற வண்டியைப் பத்திப் பேசாம நிக்கற வண்டியைப் பத்திப் பேச என்னங்க இருக்குது?” என்று கேட்டார். நிறைய இருக்கிறது. மின் வண்டியைப் பொறுத்தவரை, மூன்று மாதம் ஓட்டியதால் கெட்ட பேட்டரியை விட மூன்று மாதம் சும்மா நின்றதால் கெட்ட பேட்டரியைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளக்கிணறு, என்.ஜி.ஜி.ஓ. காலனி, இடிகரை எங்கே பார்த்தாலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள். மகளுக்குப் பேறுகாலம், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஆறு மாதம் கிளம்பிவிடுகிறார்கள். அரிசி, பருப்பெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது, பால்காரரிடம் சொல்லியாகிவிடுகிறது. போர்டிகோவில் ஸ்கூட்டர் மட்டும் நிற்கிறது. விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு எனக்குப் போன் வரும்: “ஏனுங்க, ஃபுல் சார்ஜ் பண்ணிப்போட்டு, சார்ஜரையும் மாட்டியே உட்டுட்டுப் போயரலாமுங்களா?”

இரண்டுமே வேண்டாமுங்க. ஏன் வேண்டாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். கேட்பவர் விவரம் தெரியாதவர் இல்லை. விவரம் தெரிந்ததால்தான் அப்படிக் கேட்கிறார். 2012ஆம் வருஷம் இந்த ஊரில் இருந்தவர்கள் கையைத் தூக்குங்கள். மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. லேத் பட்டறைக்காரர்கள் ராத்திரி கரண்ட் வரும் நேரம் பார்த்து ஷிப்ட் வைத்தார்கள். அந்தக் காலத்தில்தான் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. இன்வெர்ட்டரோடு சேர்ந்து ஒரு படிப்பும் வந்தது: பேட்டரியை முழுசாக இறங்க விடாதே, எப்போதும் ஃபுல்லாக வை, டிஸ்டில்டு வாட்டர் குறையாமல் பார்த்துக்கொள். இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் பாதிப் பேருக்கு அந்த மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்க்கத் தெரியும்.

அந்தப் படிப்பு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அது ஈய அமில பேட்டரிக்கான படிப்பு. அதில் சார்ஜ் இறங்க இறங்க, தட்டுகளின் மேல் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்து போகும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டிப் படிகமாக இறுகிவிடும், பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் முழுசாகக் கரையாது. சும்மா நின்றாலே மாதத்துக்கு 4, 5 சதவீதம் தானாக இறங்கும், வெயில் காலத்தில் அதைவிட வேகமாக இறங்கும். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே போய்விட்டது என்றால் சார்ஜுக்குப் போடும் நேரம் வந்துவிட்டது. ஆகவே ஈய அமில பேட்டரியை ஃபுல்லாக வைப்பதுதான் முறை.

இந்த ஊருக்கு மின் வண்டி வந்ததும் ஈய பேட்டரியோடுதான். 1993இல் டில்லி வாகனக் கண்காட்சிக்கு வந்த லவ்பேர்ட் என்ற இரண்டு பேர் உட்காரும் மின்சாரக் கார், சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் தயாரானது என்பார்கள். ஈய பேட்டரிதான். அது விற்கவில்லை, அதோடு கதை முடிந்தது. பிறகு 2008இல் ஹேமலதா அண்ணாமலை கோயம்புத்தூரில் ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூட வாத்தியார்களும் தபால்காரர்களும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போன அந்தக் காலத்து ஸ்கூட்டர்களிலும் ஈயம்தான். நிறுவனம் 2018இல் கிரீவ்ஸ் காட்டன் கைக்குப் போய், 2021இல் ராணிப்பேட்டையில் பெரிய தொழிற்சாலை வந்தது. அதற்குள் உள்ளே இருக்கும் சரக்கும் மாறிவிட்டது. வண்டியில் லித்தியம் ஏறிவிட்டது, நம் பழக்கம் மட்டும் ஈயத்திலேயே நிற்கிறது. என் கணிப்பில், நம் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த ஒரு காரணத்தால் வருவது.

இந்த மேசையைப் பாருங்கள். மூன்று லித்தியம் செல் வைத்திருக்கிறேன். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். 18650 என்று பெயர் வந்தது அதனால்தான். ஒரு ஸ்கூட்டர் பேட்டரிக்குள் இந்த மாதிரி செல்கள் நூற்றுக்கணக்கில் நிக்கல் பட்டையால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். மீட்டரை வைக்கிறேன். முதல் செல், 4.18 வோல்ட். நேற்று ராத்திரி ஃபுல் சார்ஜ் போட்டது. இரண்டாவது, 3.68. இது ஏறக்குறைய பாதி. மூன்றாவது, 1.1 வோல்ட். இந்த மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதைத் தொட வேண்டாம்.

முதல் செல் ஃபுல்லாக இருக்கிறது, நல்லதுதானே என்று தோன்றும். ஓட்டுவதற்கு நல்லது, ஆறு மாதம் வைப்பதற்கு நல்லதில்லை. அந்தக் காலத்தில் வேட்டைக்குப் போகாத நாளில் வில்லின் நாணை இறக்கித்தான் மாட்டி வைப்பார்கள். ஏற்றிய நாணோடு மாதக்கணக்கில் தொங்கினால் வில் விறைப்பு இழந்துவிடும். ஃபுல் சார்ஜில் நிற்கும் செல்லும் அப்படித்தான். உள்ளே அழுத்தம் அதிகம். எதிர்முனையான கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டு. அது இருந்தால்தான் செல் வேலை செய்யும். ஆனால் அந்தப் படலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போகும், போகும்போது லித்தியத்தைச் சாப்பிட்டுக்கொண்டே போகும். சார்ஜ் அதிகமாக இருந்தால் இது வேகமாக நடக்கும். சூடும் சேர்ந்துகொண்டால் இன்னும் வேகம். வண்டியை ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாமலேயே இவ்வளவும் நடக்கும்.

எவ்வளவு வேகம் என்றால், கனடாவில் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் பேட்டரி யுனிவர்சிட்டி வெளியிட்ட ஓர் அட்டவணை உண்டு. கோபால்ட் வகை லித்தியம் செல்லுக்கு உரியது. 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜில் ஒரு வருஷம் வைத்தால், செல்லின் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். அதே 25 டிகிரியில் ஃபுல் சார்ஜில் வைத்தால் 80தான் மிஞ்சும். 40 டிகிரிக்குப் போனால், 40 சதவீத சார்ஜில் வைத்தது 85. ஃபுல்லாக வைத்தது 65. இன்றைய செல்கள் இவ்வளவு மோசம் இல்லை, ஆனாலும் கணக்கு போகும் திசை அதேதான். பாதி சார்ஜும் நிழலும் சேர்ந்தால் தப்பிக்கும், ஃபுல் சார்ஜும் வெயிலும் சேர்ந்தால் மாட்டிக்கொள்ளும்.

“40 டிகிரி எங்கேயுங்க, நம்ம ஊரு குளுகுளு ஊராச்சே” என்று சொல்லத் தோன்றும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நமக்குப் பெரிய வரம், நான் மறுக்கவில்லை. ஆனால் சித்திரை மாதத்தில் நிழலிலேயே 36, 37 வந்துவிடுகிறது. தகர ஷீட் போட்ட செட்டுக்குள் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் நின்று பாருங்கள். அதற்கு மேல் வண்டிக்குப் பிளாஸ்டிக் கவரும் போட்டு மூடியிருப்பீர்கள், தூசி படக்கூடாது என்று. தூசி படவில்லை, பேட்டரி வெந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றும் வசதி உள்ள வண்டியென்றால் கழற்றிக் கீழ்த்தளத்தில், வெயில் அடிக்காத அறையில், தரையில் வையுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையின் பரண் மேல் ஏற்றி வைக்க வேண்டாம். வீட்டிலேயே அதிகம் கொதிக்கும் இடம் அதுதான். வாசல் வழியை மறித்தும், கேஸ் சிலிண்டர் பக்கத்திலும் வைக்கக் கூடாது.

சரி, பாதி சார்ஜ் வைத்தாகிவிட்டது. இனி ஆறு மாதம் மறந்துவிடலாமா? அங்கேதான் இரண்டாவது பள்ளம் இருக்கிறது. லித்தியம் செல் தனியாக இருந்தால் மாதத்துக்கு 1, 2 சதவீதம்தான் இறங்கும், அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் வண்டி தனியாக இல்லையே. சாவியை எடுத்த பிறகும் அதற்குள் சில பேர் முழித்துக்கொண்டிருப்பார்கள். பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். ஒன்று. வண்டி எங்கே இருக்கிறது என்று கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் சிம் கார்டு கருவி ஒன்று. திருட்டு அலாரம் ஒன்று. எல்லாம் சேர்ந்து வெறும் 1 வாட் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 24 வாட் மணி. 30 நாளைக்கு 720. உங்கள் ஸ்கூட்டர் பேட்டரி 3 கிலோவாட் மணி, அதாவது 3000 வாட் மணி. மாதத்துக்கு நாலில் ஒரு பங்கு காலி. பாதியில் நிறுத்திய வண்டி இரண்டு மாதத்தில் தரை தட்டிவிடும். உங்கள் வண்டி உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே நீங்கள் கண்டுபிடிக்கலாம். ஒரு வாரம் தொடாமல் நிறுத்துங்கள், முதல் நாள் சதவீதத்தையும் கடைசி நாள் சதவீதத்தையும் காலண்டரில் எழுதுங்கள். ஆப்பைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம், பார்க்கும்போதெல்லாம் வண்டி தூக்கத்திலிருந்து எழுந்துகொள்ளும்.

இந்தப் பள்ளத்தில் பெரிய கம்பெனிகளே விழுந்திருக்கின்றன. 2012இல் அமெரிக்காவில் டெஸ்லாவின் முதல் கார், ரோட்ஸ்டர், பெரிய சர்ச்சையில் மாட்டியது. சிலர் நிறுத்திவிட்டுப் போய்த் திரும்பி வந்தபோது பேட்டரி அடியோடு இறங்கி, மறுபடி சார்ஜே ஏற்காத நிலைக்குப் போயிருந்தது. கார் செங்கல்லாகிவிட்டது என்று அங்கே எழுதினார்கள். ஃபுல் சார்ஜில் நிறுத்தினாலே ஏறக்குறைய 11 வாரத்தில் முழுசாக இறங்கிவிடலாம் என்று கம்பெனி கையேட்டிலேயே இருந்தது. மாற்றுப் பேட்டரிக்குச் சொன்ன விலை 40,000 டாலர். அதற்குப் பிறகு வந்த கார்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனால் மலிவு விலை ஸ்கூட்டர்கள் எல்லாம் தேறிவிட்டன என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே நமக்கு அந்தப் பாடம் 2020 மார்ச் 25ஆம் தேதி முதல் நடந்தது. ஊரடங்கு முடிந்து வண்டியை எடுத்தபோது பெட்ரோல் வண்டிக்காரர்கள் ஒரு பேட்டரியை மாற்றினார்கள், தள்ளி ஸ்டார்ட் செய்தார்கள். மின் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது.

இப்போது அந்த மூன்றாவது செல்லுக்கு வருகிறேன். 1.1 வோல்ட். லித்தியம் செல் இந்த அளவுக்கு இறங்கி அப்படியே கிடந்தால், எதிர்முனைக்கு ஆதாரமாக இருக்கும் செம்புத் தகடு மெல்லக் கரைய ஆரம்பிக்கும். திரும்பச் சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் போய்ப் படியும், உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். அதனால்தான் பி.எம்.எஸ். இந்த நிலையைக் கண்டால் கதவைச் சாத்திவிடும், சார்ஜர் மாட்டினாலும் ஏற்காது. அது கோளாறு இல்லை, காவல். ஆனால் நம் ஊரில் சில கடைகளில் பேட்டரிப் பெட்டியைத் திறந்து, பி.எம்.எஸ்.ஸை ஒதுக்கிவிட்டு, நேரடியாகக் கரண்ட் கொடுத்து “எழுப்பித் தருகிறோம்” என்கிறார்கள். எழுந்துகொள்ளும், அதுதான் ஆபத்து. ஒரு வாரம் நன்றாக ஓடும். பிறகு ஒரு ராத்திரி சார்ஜில் இருக்கும்போது என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டறைத் திறமையில் கோயம்புத்தூரை அடிக்க ஆளில்லை என்று பெருமையாகச் சொல்கிறவன் நான். மோட்டாரை ரீவைண்டிங் செய்யுங்கள், கன்ட்ரோலரைப் பிரித்துப் பாருங்கள். தரை தட்டிக் கிடந்த லித்தியம் பேட்டரியை மட்டும் தெருக்கடையில் எழுப்பாதீர்கள். கம்பெனி சர்வீஸில் ஒவ்வொரு செல் வரிசையாக அளந்து, தேறுமா தேறாதா என்று சொல்லட்டும்.

நெருப்பைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 2022 மார்ச் மாதம் வேலூரில், ராத்திரி வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் அப்பாவும் மகளும் இறந்தார்கள். அந்த வருஷம் நடந்த அடுத்தடுத்த விபத்துகளால்தான் மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக அமல்படுத்தியது. வண்டி வாங்கியது அதற்கு முன்பா பின்பா என்பதைப் பாருங்கள். எப்படியிருந்தாலும் ஆளில்லாத வீட்டில் ஸ்கூட்டர் சார்ஜரை மாட்டிவிட்டுப் போக வேண்டாம். சில கார் கம்பெனிகள் மாட்டியே வைக்கச் சொல்கின்றன. அந்தக் கார்கள் எத்தனை சதவீதத்தில் நிறுத்த வேண்டும் என்று சொன்னால் அங்கே நிறுத்திக்கொள்ளும். உங்கள் கையேட்டில் அப்படி இருந்தால் அதைக் கேளுங்கள், என் பேச்சைக் கேட்காதீர்கள்.

லித்தியத்திலேயே இரண்டு சாதி உண்டு. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது ஒன்று, எல்.எஃப்.பி. என்கிற இரும்பு பாஸ்பேட் இன்னொன்று. இரண்டாவதின் பூர்வகதையில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். மதுரைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கிய ஆறுமுகம் மந்திரம். 1980களில் விஞ்ஞானி ஜான் குட்எனஃபோடு சேர்ந்து, இரும்பு சல்பேட் போன்ற சேர்மங்களால் பேட்டரியின் வோல்ட்டைக் கூட்ட முடியும் என்று காட்டினார். அந்த வழியில்தான் 1997இல் குட்எனஃபின் ஆய்வகத்திலிருந்து இரும்பு பாஸ்பேட் வந்தது. அதை அறிவித்த கட்டுரையில் பாதி (Padhi), நஞ்சுண்டசாமி என்று இன்னும் இரண்டு இந்தியப் பெயர்கள் இருக்கின்றன. 2019இல் குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, 97 வயதில் இருந்த அவருக்காக ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்தான். நம் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்க வேண்டாமா என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு, அது வேறு கூட்டத்துக்கான பேச்சு.

எல்.எஃப்.பி.யின் தொல்லை என்னவென்றால், அதன் வோல்ட் 30 சதவீதத்திலும் 70 சதவீதத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், 3.3 பக்கத்திலேயே நிற்கும். அதனால் பி.எம்.எஸ்.ஸுக்கே கணக்கு பிசகும். நிறுத்தி வைக்க அதற்கும் பாதி சார்ஜ்தான். ஆனால் திரும்பி வந்ததும் திரையில் காட்டும் சதவீதத்தை நம்பி சத்தியமங்கலத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு தடவை 100 வரை ஏற்றி, சார்ஜர் தானாக நிற்கும் வரை விடுங்கள். கணக்கு நேராகிவிடும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கை இருக்கிறது. 30 கிலோவாட் மணி பேட்டரி தரைக்கடியில் நிறைந்து கிடக்கும், கார் மட்டும் எழுந்திருக்காது. ரிமோட்டை அமுக்கினால் கதவு கூடத் திறக்காது. காரணம், பானெட்டுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது பெரும்பாலும் நம் பழைய ஈய அமிலம்தான். பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேயை இழுத்து மூடும் கரண்ட் அதிலிருந்துதான் வர வேண்டும். அது செத்தால் பெரியது இருந்தும் இல்லாத கணக்கு. ஆக ஒரே வண்டிக்குள் இரண்டு விதி: பெரியது பாதியில் நிற்க வேண்டும், சின்னது ஃபுல்லாக நிற்க வேண்டும். சில கார்கள் நிற்கும்போதே பெரியதிலிருந்து சின்னதுக்குத் தானாக ஊற்றிக்கொள்ளும், சில செய்யாது. செய்யாத வண்டியென்றால், கையேடு அனுமதித்தால் சின்ன பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை யாராவது வந்து காரை ஆன் செய்து, ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்து, அரை மணி நேரம் வைக்க வேண்டும். கேட்டைத் தாண்டி ஓட்ட வேண்டிய அவசியம் இல்லை.

நடைமுறையில் சொல்லக்கூடியது இவ்வளவுதான். லித்தியம் ஸ்கூட்டர் என்றால் 50, 60 சதவீதத்தில் நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்டு போடுங்கள், காற்றைக் கொஞ்சம் கூடுதலாக அடியுங்கள். பேட்டரிக்குத் தனி ஐசொலேட்டர் சுவிட்ச் அல்லது எம்.சி.பி. இருந்தால் இறக்கிவிடுங்கள், அந்த 1 வாட் குடிக்கிற ஆட்களும் தூங்கிவிடுவார்கள். தோப்பு பக்கத்தில் வீடு உள்ளவர்கள் எலியைக் கவனியுங்கள், ஒயர் உறை அதற்குப் பிடிக்கிறது. சாவியையும் சார்ஜரையும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, மாதம் ஒரு தடவை திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். 30க்குக் கீழே வந்தால், பகல் நேரத்தில், பக்கத்தில் இருந்தபடி, மறுபடி 60 வரை ஏற்றச் சொல்லுங்கள். பழைய ஈய பேட்டரி வண்டி என்றால் இதெல்லாம் தலைகீழ், ஃபுல் சார்ஜ், மாதம் ஒரு தடவை மறுபடி ஃபுல். எந்த வகை என்று தெரியாமல் எதையும் செய்யாதீர்கள், பேட்டரிப் பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியிருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், வண்டி விற்பவர்களுக்கு. இந்த ரோட்டில் ஷோரூம் வைத்திருக்கும் சிலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். டெலிவரி நாளில் வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, குடும்பத்தோடு போட்டோ எடுத்துச் சாவி கொடுக்கிறீர்கள், சந்தோஷம். அதோடு ஒரே ஒரு தாளைத் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். உள்ளே என்ன வகை பேட்டரி, நிறுத்தி வைத்தால் எத்தனை சதவீதம், எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்ப்பது, 12 வோல்ட் முனையைக் கழற்றலாமா கூடாதா, சார்ஜ் ஏற்காமல் போனால் யாரைக் கூப்பிடுவது. இதெல்லாம் ஆங்கிலப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இப்போதும் இருக்கத்தான் இருக்கிறது. வாரண்டி கிடையாது என்று நீங்கள் சொல்லும் நாளில்தான் எங்கள் ஆட்கள் அந்தப் பக்கத்தை முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். வண்டி கொடுக்கும் நாளிலேயே அதைக் கையில் கொடுத்துவிடுங்கள்.